வெண்ணெய் பறக்கும் பத்து விநாடி

சித்தப்பா கேமராவில் எடுத்த பழைய வீடியோ8 (8 மில்லிமீட்டர் நாடா) கேசட்டுகள் எல்லாம் ஒருவழியாகக் கணினிக்குள் வந்துவிட்டன. வந்ததும் அடுத்த சிக்கல் ஆரம்பித்தது. ஒரு மணி நேரக் கேசட் ஒன்று கிட்டத்தட்ட 13 ஜிபி இடத்தைப் பிடிக்கிறது. இதைத் தரம் கெடாமல் எப்படிச் சுருக்குவது என்று சொந்தத்திலும் வெளியிலும் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த 13 ஜிபி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் கேசட்டுகளை ஏற்றியது ஒரு பழைய டிஜிட்டல்8 கேமராவை வைத்து. 1999-ல் சோனி கொண்டுவந்த வகை அது. அந்த வரிசையில் பல மாடல்கள் அதற்கு முந்தைய அனலாக் 8 மில்லிமீட்டர் கேசட்டையும் படித்து, டிவி வடிவத்தில் ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பிவிடும். (இந்த டிவி நம் வீட்டுக் கூடத்தில் இருப்பது அல்ல, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். குழப்பம் வேண்டாம், இனி முழுசாகவே எழுதுகிறேன்.) நம் ஊர் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் டிஜிட்டல் வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது ஒவ்வொரு தனிப்படமும், 1,44,000 பைட். விநாடிக்கு 25 ஃபிரேம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 3.6 எம்பி, மணிக்கு 12.96 ஜிபி. அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான். கணக்கு இப்படிப் பைசா சுத்தமாக நேராகும்போது ஒரு நிம்மதி.

பெரிய ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால் போச்சு, எதற்குச் சுருக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி மன்னார்குடியையும் ஒரு வழி பண்ணிவிட்டுப் போனது. எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்தது. பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள்தான் கேசட்டுகள். பெட்டி மூடி சரியாக இறுகியிருந்ததால் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. தென்னை விழுந்த வீடுகளில் கல்யாண ஆல்பம் முழுக்க ஊறிப்போய், படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டதை அந்த வாரம் கண்ணால் பார்த்தேன். ஒரு குடும்பத்தின் ஞாபகம் ஒரே பெட்டியில், ஒரே கூரையின் கீழே இருக்கக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். நாகப்பட்டினத்தில் அத்தை வீடு, திருச்சியில் தம்பி வீடு, தஞ்சாவூரில் சித்தப்பா வீடு, எல்லா இடத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். மணிக்கு 13 ஜிபி என்றால் அது ஊர் ஊராகப் போகாது. 2 ஜிபி, 3 ஜிபி என்றால் பென் டிரைவில் போய்விடும்.

ஆனால் சுருக்கியது கண்ணுக்குத் தெரியக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெகு நாள் முன்பு இதே கேசட்டுகளில் சிலதை ஒரு கடையில் கொடுத்து விசிடியாக மாற்றி வாங்கினோம். விசிடி என்றால் 352-க்கு 288 புள்ளி, எம்பெக்-1, படத்துக்கு விநாடிக்கு 1150 கிலோபிட்தான். அதில் அப்பாயியின் முகத்தில் சுருக்கமே இல்லை. எண்பதைத் தாண்டியவரின் கன்னம் வழவழவென்று இருந்தது. பின்னால் இருந்த வயல் ஒரே பச்சைத் திட்டு. அது வயல் என்பது எங்களுக்குத் தெரியும், நாளைக்குப் பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 13 ஜிபியை 2 ஜிபி ஆக்கினால் தரம் போகாமல் எப்படி இருக்கும்? டிஜிட்டல் வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. பக்கத்து ஃபிரேமில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், பின்னால் தொங்கும் அதே திரையை விநாடிக்கு 25 முறை புதிதாக எழுதிக்கொண்டே இருக்கும். 2003-ல் வந்த எச்.264 என்கிற சுருக்கும் முறை அப்படியில்லை. முந்தின ஃபிரேமிலிருந்து எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் எழுதுகிறது. மிச்சமாகிற இடத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. படத்தில் இருக்கிற விவரத்தில் கை வைக்க வேண்டிய அவசியம் அவ்வளவாக வராது.

இந்தக் கணக்கைக் கெடுக்க இரண்டு எதிரிகள் இருக்கிறார்கள். என்கோடர் (சுருக்கி எழுதும் மென்பொருள்) பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அவர்களைக் கவனித்துவிட வேண்டும்.

முதல் எதிரி இன்டர்லேஸ். அந்தக் காலத்து கேமரா விநாடிக்கு 25 முழுப்படம் எடுக்கவில்லை, 50 அரைப்படம் எடுத்தது. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை. குழாய் டிவியில் அது தெரியாது. செல்போனிலும் கணினியிலும் கை அசைத்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிசிறடிக்கும். இதை அப்படியே என்கோடருக்குக் கொடுத்தால் ஒவ்வொரு பல்லையும் அது விவரம் என்று நம்பி எழுதும். கோப்பும் பெருக்கும், பார்க்கவும் அசிங்கமாக இருக்கும்.

நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக், இலவச மென்பொருள். அதில் டீஇன்டர்லேஸ் (இன்டர்லேஸை நீக்குவது) பகுதியில் பிடபிள்யூடிஃப் என்றோ யாடிஃப் என்றோ இருக்கும். அதில் ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக்கும் 'பாப்' (bob) என்கிற வகையைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட்டை 50 என்று வையுங்கள். 25 வைத்தால் பாதி அசைவு போய்விடும். நிறையக் கடைகளில் இதைத்தான் செய்கிறார்கள். வீட்டுக் கூடத்து ஊஞ்சலில் பிள்ளைகள் ஆடும் காட்சி எங்கள் கேசட்டில் இருக்கிறது. 25-ல் பார்த்தால் ஊஞ்சல் தத்தித் தத்திப் போகிறது. 50-ல் பார்த்தால் அன்றைக்கு நேரில் ஆடியது போலவே ஆடுகிறது. 50 ஆக்கினால் கோப்பு இரட்டிப்பாகும் என்று பயப்பட வேண்டாம். அடுத்தடுத்த ஃபிரேம்கள் இன்னும் நெருக்கமாக ஒத்துப்போவதால் கொஞ்சம்தான் கூடும்.

அதே ஊஞ்சல் இன்னொரு வேலைக்கும் உதவும். பால் டிஜிட்டல் வீடியோவில் கீழ் வரி முதலில் வரும். மென்பொருள் மேல் வரி முதலில் என்று தப்பாக எடுத்துக்கொண்டால், ஊஞ்சல் முன்னால் போகும்போதே ஒரு நடுக்கம், ஒரு அடி முன்னே அரை அடி பின்னே என்று வரும். அந்த நடுக்கத்தைப் பார்த்தால் வரிசையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். ஊஞ்சல் இல்லாதவர்கள் கேமரா பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பும் காட்சி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது எதிரி புள்ளி இரைச்சல். சாயங்காலம் எடுத்த காட்சிகளில் சுவரெல்லாம் பொடிப் பொடியாகக் கொதித்துக்கொண்டே இருக்கும் இல்லையா, அதுதான். ஃபிரேமுக்கு ஃபிரேம் அது மாறிக்கொண்டே இருப்பதால் 'முந்தினது போலவே' என்று என்கோடரால் எழுத முடியாது. அசையாத சுவருக்கே பிட்டெல்லாம் செலவாகிவிடும். இதற்கு ஹேண்ட்பிரேக்கில் என்எல்மீன்ஸ் என்றும் எச்கியூடிஎன்3டி என்றும் இரண்டு வடிகட்டிகள் உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும் மிக லேசான நிலையில் மட்டும் வையுங்கள். அதற்கு மேலே ஒரு படி போனாலும் பட்டுப்புடவை ஜரிகை மங்கும், நாற்றங்கால் திட்டாகும், அப்பாயியின் கன்னம் பழையபடி வழவழப்பாகும். இரைச்சல் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். அதை முழுக்கத் துடைக்கக் கிளம்புகிறவர்கள் அதோடு சேர்ந்து முகத்தையும் துடைத்துவிடுகிறார்கள்.

கூடவே ஒரு சின்ன வேலை. படத்தின் அடியில் நாலைந்து வரி எப்போதும் கோணல்மாணலாகக் கிழிந்து ஓடும். கேசட்டைப் படிக்கும் தலை (ஹெட்) மாறும் இடத்தில் வருவது அது. அந்தக் காலத்து டிவி ஓரத்தை மறைத்துவிடும் என்பதால் யாரும் பார்த்ததில்லை. அதை வெட்டிவிடலாம். ஓரக் கறுப்பையும் வெட்டலாம். இரட்டைப்படை எண்ணாக வெட்டினால் சிக்கல் இல்லை.

இப்போது தரம். எத்தனை எம்பி வேண்டும், எத்தனை பிட்ரேட் (விநாடிக்கு எத்தனை பிட்) வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். அது அளவை முதலில் முடிவு செய்துவிட்டுத் தரத்தை அதற்குள் திணிக்கிற வழி. சிஆர்எஃப் என்று ஒன்று உண்டு, ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் என்று போட்டிருக்கும். இதில் நீங்கள் சொல்வது தரத்தை மட்டும்தான். கஷ்டமான காட்சிக்கு நிறைய பிட்டும் சுலபமான காட்சிக்குக் குறைவாகவும் அதுவே பிரித்துக் கொடுக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும். ஹேண்ட்பிரேக்குக்குள் இருந்து எச்.264 எழுதும் என்கோடரான எக்ஸ்264-ல் எதையும் மாற்றாவிட்டால் 23-ல் இருக்கும். ஆறு எண் கூட்டினால் கோப்பு ஏறக்குறையப் பாதியாகும், ஆறு குறைத்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 18 என்பது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத இடம் என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பி மொத்தத்தையும் ஓட்டிவிடாமல், உங்கள் கேசட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

எந்தக் காட்சியில் சோதிப்பது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். பலர் முதல் ஒரு நிமிஷத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். முதல் நிமிஷத்தில் பெரும்பாலும் வீட்டு வாசல், பிள்ளையார் படம், கல்யாணம் என்றால் தலைப்பு எழுத்து. அவையெல்லாம் 24-லும் நன்றாகவே இருக்கும். சோதிக்க வேண்டியது இருப்பதிலேயே கஷ்டமான பத்து விநாடியை.

எங்களுக்கு அந்தப் பத்து விநாடி வெண்ணெய்த்தாழி. மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயிலில் பங்குனி உற்சவத்தின்போது, பெருமாள் வெண்ணெய்க் குடத்தோடு கண்ணனாக வருவார். வழியெல்லாம் ஜனங்கள் வெண்ணெயை வீசுவார்கள். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து முதல்முறை லீவில் வந்தபோது தோளில் கேமராவோடு அந்தக் கூட்டத்துக்குள் நின்றிருக்கிறார். காட்சி முழுக்க ஆடுகிறது. நூறு கைகள் மேலே போகின்றன, வெள்ளைத் துணுக்குகள் குறுக்கும் நெடுக்கும் பறக்கின்றன, பின்னால் வெயில், இடையில் பல்லக்கின் பளபளப்பு. என்கோடருக்கு முந்தின ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. 24-ல் ஒவ்வொரு வெண்ணெய்த் துணுக்கைச் சுற்றியும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, கூட்டத்தின் முகங்கள் சதுரச் சதுரமாக உடைந்தன. 22-ல் கட்டம் போனது, ஆனால் கேமரா திரும்பும்போது எல்லாம் ஒரு நொடி குழைந்து, நின்ற பிறகு தெளிந்தது. 20-ல் நான் தேடிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். 18-ல் தேடியும் கிடைக்கவில்லை.

தேடுவது என்றால் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, மூக்கை ஒட்டிப் பார்ப்பதைச் சொல்லவில்லை. கூடத்தில் டிவியில் போட்டு, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். எது அசல், எது சுருக்கியது என்று சொல்லாமல் வீட்டில் இன்னொருவரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்குத் திருப்பித் திருப்பிப் போடுற?" என்று கேட்டதும் 18 என்று முடிவு செய்தேன். விமாஃப், எஸ்எஸ்ஐஎம் என்று எண்ணாகச் சொல்லும் அளவுகோல்களும் இருக்கின்றன. விமாஃப் நெட்ஃபிளிக்ஸ் 2016-ல் வெளியிட்டது, நல்ல கருவி. ஆனால் அவை அசலோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளப்பவை. நாம் இரைச்சலை வடிகட்டியிருந்தால் அந்த நல்ல காரியத்துக்கும் சேர்த்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். இந்த வேலைக்கு அம்மாவின் கண் போதும்.

வெண்ணெய்க்கு அடுத்தபடி கஷ்டமானது தண்ணீர். ஆடிப்பெருக்கு அன்று பாமணியாற்றில் எடுத்தது ஒன்று இருக்கிறது. படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி வைத்துக் கும்பிடுகிறார்கள், பின்னால் ஆறு முழுக்க வெயில் துண்டு துண்டாக மின்னுகிறது. அந்த மினுக்கத்தில் ஒன்றாவது அடுத்த ஃபிரேமில் அதே இடத்தில் இருக்காது. அந்தக் கேசட் மட்டும் மற்றதைவிடப் பெரிதாக, 4 ஜிபியை ஒட்டி வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிஆர்எஃப் வைத்தால் இப்படித்தான் வரும், வரவும் வேண்டும். மற்ற கேசட்டுகள் மணிக்கு 2 ஜிபியிலிருந்து 3 ஜிபிக்குள் அடங்கின.

வெயிலும் கூட்டமும் இருக்கிற காட்சியில் மட்டும் சோதித்தால் போதாது, இருட்டையும் பார்க்க வேண்டும். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து சின்ன இரும்பு உரலில் வெற்றிலை இடிக்கும் காட்சி. கரண்ட் இல்லாத நேரம், பக்கத்தில் ஒரு அரிக்கேன் விளக்கு. மூக்குத்தி மட்டும் மின்னுகிறது, தோளுக்குப் பின்னால் வெளிச்சம் மெல்ல மெல்லக் கறுப்பாகிறது. அந்த மெல்ல மெல்லதான் முதலில் போகும். வெளிச்சம் படிப்படியாகக் குறையாமல் வளையம் வளையமாகப் பட்டை கட்டிவிடும். எக்ஸ்264 இருட்டில் பிட்டை மிச்சம் பிடிக்கப் பார்ப்பதால் வருவது. ஹேண்ட்பிரேக்கில் கூடுதல் விருப்பங்கள் எழுதும் பெட்டியில் ஏக்யூ-மோட் என்பதை 3 என்று கொடுத்தால், இருட்டுப் பகுதிக்குக் கொஞ்சம் அதிகம் ஒதுக்கும். அதைக் கொடுத்த பிறகு அப்பாயியின் தோளுக்குப் பின்னால் பட்டை இல்லை.

எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265, அதிலும் 10 பிட், இந்த இருட்டை இன்னும் அழகாகக் கையாளும், கோப்பும் இன்னும் சின்னதாகும். எனக்கும் ஆசைதான். ஆனால் நாகப்பட்டினத்து அத்தை வீட்டு டிவி அதைப் படிக்காது. பென் டிரைவைச் செருகினதும் படம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அத்தை அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார், அவ்வளவுதான். அதனால் எல்லோருக்கும் 8 பிட் எச்.264, எம்பி4 கோப்பு.

ஒலியில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். அசலில் ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்கு 700 எம்பி வரை பிடிக்கும். ஏஏசி என்கிற ஒலிச் சுருக்க முறையில், 192 கிலோபிட்டில் 86 எம்பி ஆகிறது. இதை 64-க்குக் குறைத்தால் கூடுதலாக மிச்சமாவது 60 எம்பிகூட இல்லை, போவது தவில். தவில் அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே 'உஸ்' என்று ஒரு நிழல் சத்தம் வர ஆரம்பிக்கும். திடீரென்று வரும் அடியைக் குறைந்த பிட்டில் எழுத முடியாமல் அது முன்பக்கமாகச் சிதறுவதால் வருவது. நாங்கள் பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள், நாதஸ்வரத்தையும் தவிலையும் கெடுத்துவிட்டுப் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. வெற்றிலை உரலின் 'டங் டங்' சத்தமும் இதே வகைதான். ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பார்த்தேன், 192-ல் சுத்தமாக இருக்கிறது.

இன்னும் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 720-க்கு 576 என்பதை 1080 ஆக்காதீர்கள், கோப்பு பெருக்குமே தவிர விவரம் எங்கிருந்தும் வந்துவிடாது. படம் 4-க்கு 3 என்கிற விகிதத்தில் தெரிய வேண்டும். அகல டிவியில் நிறைப்பதற்காக இழுத்துவிட்டால் ஒல்லியாக இருந்த சித்தப்பா குண்டாகிவிடுவார், ஓரத்தில் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். என்கோடரின் வேகத்தைச் சொல்லும் ப்ரீசெட்டை 'ஸ்லோ' என்று வைத்து, ராத்திரி வரிசையில் போட்டுவிட்டுப் படுங்கள். கிராபிக்ஸ் கார்டு வழியாக ஓட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாக வரும். எங்கள் பக்கம் ராத்திரி கரண்ட் போவது சகஜம் என்பதால், ஒரு கேசட்டை மூன்று நான்கு நிகழ்ச்சியாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்பாக ஓட்டுகிறேன். நடுவில் நின்றாலும் அந்த ஒரு துண்டுதான் போகும். அத்தைக்கும் தேட வசதி, 'வெண்ணெய்த்தாழி', 'ஆடிப்பெருக்கு', 'பெரியண்ணன் கல்யாணம்' என்று பெயர் போட்டிருக்கும்.

அசலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அந்த 13 ஜிபி கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஒன்று இங்கே, ஒன்று திருச்சியில் தம்பி வீட்டில். சுருக்கியது பார்ப்பதற்கும் பகிர்வதற்கும்தான். இன்னும் பத்து வருஷத்தில் இன்டர்லேஸை இதைவிட நன்றாகப் பிரிக்கிற மென்பொருள் வந்தால், அதற்குக் கொடுக்க அசல்தான் வேண்டும். கேசட்டுகளையும் தூக்கிப் போடவில்லை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நாடாவில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில், பரணிலிருந்து இறக்கி பீரோவின் நடுத்தட்டில் வைத்திருக்கிறேன்.

அனுப்பும் விஷயத்தில் ஒன்று. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால், நாம் பார்த்துப் பார்த்துச் செய்ததை அது மறுபடி நசுக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் தொடாது, 2 ஜிபி வரை போகும். பென் டிரைவ் பழையதாக, ஃபேட்32 என்கிற முறையில் ஃபார்மேட் ஆனது என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. நிகழ்ச்சி வாரியாகப் பிரித்திருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

வெண்ணெய்த்தாழியை முதலில் சித்தப்பாவுக்குத்தான் அனுப்பினேன். பார்த்துவிட்டு உடனே போன் பண்ணினார். "பாப்பா, பல்லக்குக்கு வலது பக்கம் துண்டு கட்டிக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாரே, அது உங்க தாத்தாடா. எடுக்கும்போதுகூட நான் கவனிக்கலையே" என்றார். விசிடியில் அந்த இடத்தில் ஒரு பழுப்புத் திட்டுதான் இருந்தது.

அடுத்தது 2004 மகாமகத்தில் அவர் எடுத்த மினி டிஜிட்டல் வீடியோ கேசட்டுகள். அவை பிறக்கும்போதே டிஜிட்டல், இரைச்சல் குறைவு, வடிகட்டியே தேவைப்படாது என்று நினைக்கிறேன். சோதனைக்கு மகாமகக் குளத்தில் ஜனங்கள் முங்கி எழுகிற இடம் இருக்கிறது. கூட்டமும் தண்ணீரும் ஒரே காட்சியில். சிஆர்எஃப் 18 அங்கே போதுமா, 17-க்கு இறங்க வேண்டுமா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.